அந்நியர், ஆனால் நம்மவர்!

கம்பத்தில் பொதுக்கூட்டம். பேசி முடித்து, தோழர்களிடம் விடைபெற்று, தேனி வந்து சேர்ந்தோம். வழி நெடுக இருட்டு. அந்த இருட்டிலும் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. வயலில் நெல், பந்தலில் திராட்சை, கரையில் தென்னை. பார்க்க முடியாவிட்டாலும் மணத்தால் உணர முடிந்தது.

தேனியில் இறங்கிய பேருந்து நிலையத்துக்குக் கர்னல் ஜான் பென்னிகுயிக் பெயர். தேநீர்க் கடைப் பெஞ்சில் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் ஒரு விவசாயத் தொழிலாளி. மடியில் தூங்கிய மகனின் பெயரைக் கேட்டோம். தயக்கமின்றிச் சொன்னார், பென்னிகுயிக் என்று!

சிந்தித்துப் பார்த்தோம். வேற்றுமொழி ஆதிக்கம் வேண்டாம் என்று முழங்குகிற இயக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். தமிழ்ப் பெயர் சூட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவர்கள் நாம். நம் செவிக்கு அந்தப் பெயர் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை, இனித்தது! ஏன் இனித்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1841 ஜனவரி 15 அன்று புனே நகரில் பிறந்தவர் ஜான் பென்னிகுயிக். தந்தையார் ஆங்கிலப் படையின் தளபதி. 1849 ஜனவரியில், பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியர்களோடு நடந்த போரில் தந்தையும் மாண்டார். அதே களத்தில், பதினேழே வயதான தமையனும் மாண்டான். அப்போது ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. ஆதிக்கம் என்பது ஆளப்படுவோன் வீட்டில் மட்டுமா சாவோலம் எழுப்புகிறது? ஆளுவோன் வீட்டு விளக்கையும் அது அணைக்கத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் படிப்பு. அடிஸ்கோம்பு இராணுவப் பள்ளியில் பயிற்சி. 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் பதவி. 1860-இல் இந்தியா திரும்பினார். 1868-இல் அபிசீனியப் போருக்குச் சென்று வந்தார். அதன் பின்னர், துப்பாக்கி ஏந்த வேண்டிய கரம் அளவுச் சங்கிலியை ஏந்திற்று. கோட்டை பிடிக்க வேண்டியவர் ஆற்றைப் பிடிக்கக் கிளம்பினார்!

அந்நாளில் இங்கு வந்த வெள்ளைக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாடறியும். விசாலமான பங்களா. விசிறி இழுக்க ஒருவன், குதிரை பிடிக்க ஒருவன், குடை பிடிக்க ஒருவன். வெயில் ஏறினால் உதகை, கொடைக்கானல். மாலை வந்தால் கிளப். அங்கு நம்மவர் நுழைய முடியாது, தட்டேந்தும் பணியாளாக அன்றி! இருபது, முப்பது ஆண்டுகள் இந்த மண்ணில் இருப்பார்கள். ஆனால் இந்த மண் அவர்கள் காலில் ஒட்டாது. கப்பலேறும் நாளில் ஓய்வூதியம் மட்டும் உடன் செல்லும்.

பென்னிகுயிக்கும் அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்தான். கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. 1879-இல் கிரேஸ் அம்மையாரை மணந்து குடும்பம் கண்டவர். அவர் விரும்பியிருந்தால் சென்னையின் கடற்காற்றில் காலத்தைக் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், அவர் பெயர் சென்னைக் கிளப்பில் நிலைக்கவில்லை. யானையும் அட்டையும் காய்ச்சலும் குடியிருந்த பெரியாற்றுக் காட்டில் நிலைத்தது.

பெரியாறு ஏன் வேண்டியிருந்தது? மேற்கு மலைத் தொடரின் அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் வானம் பொய்க்கிறது. கொட்டிய மழை பெரியாறாகப் பெருகி மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. மலைக்கு இப்பால் வைகையோ மணலாறாகக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப முடியாதா என்று முதன்முதலில் எண்ணியவர் வெள்ளைக்காரர் அல்லர், தோழர்களே! இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 1789-லேயே ஆள் அனுப்பி இடம் பார்த்தார். எண்ணம் இருந்தது, செலவிடப் பணம் இல்லை.

1808-இல் கால்டுவெல் என்ற பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று எழுதிவைத்தார். 1850-இல் சிறிய அணை ஒன்று தொடங்கினார்கள். காய்ச்சலும் கூலித் தகராறும் சேர்ந்து அதை நிறுத்தின. திட்டம் தூங்கிற்று. அதை எழுப்பியது எது? பஞ்சம்! 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் இலட்சம் இலட்சமாக மக்கள் மாண்டார்கள். எலும்பும் தோலுமாக மக்கள் சாலையோரம் விழுந்த அதே காலத்தில், துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிற்று. வெள்ளை ஆட்சியின் அந்தக் கொடுமையை மறப்பதற்கில்லை, மன்னிப்பதற்குமில்லை.

பஞ்சத்துக்குப் பிறகுதான் கோப்பு மீண்டும் மேசைக்கு வந்தது. 1882-இல் பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் தரப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1887-இல் வேலை தொடங்கிற்று.

அது என்ன வேலை? பள்ளத்தாக்கின் குறுக்கே அணை எழுப்பி, ஆற்றைத் தேக்கி, நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். உயர்ந்த நீரைத் தேக்கடிப் பக்கம் கொண்டுவந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைய விட வேண்டும். சுரங்கத்தின் நீளம் 5,704 அடி; ஒரு மைலுக்கும் அதிகம்! மறுபுறம் வெளிவரும் நீர் மலைச்சரிவில் இறங்கி வைரவனாற்றில் விழுந்து, சுருளியோடு சேர்ந்து, வைகையை அடைய வேண்டும். மேற்கே போகிற ஆற்றைக் கழுத்தைப் பிடித்துக் கிழக்கே திருப்புகிற வேலை!

அந்தக் காட்டு முகாமின் அன்றாட வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். அருகில் ஊர் இல்லை. இரயில் வண்டியில் அம்மையநாயக்கனூர் வரைதான் வர முடிந்தது. அங்கிருந்து மாட்டு வண்டியில் தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று வந்து, பிறகு மலை ஏற வேண்டும். அரிசி முதல் ஆணி வரை அந்த வழியேதான். அணைக்கான சுண்ணாம்பு அடிவாரத்திலிருந்து கம்பி வடத்தில் தொங்கி மலையேறிற்று. மழைக்காலத்தில் ஆறு சீறும். கோடையில் காய்ச்சல் சீறும். ஆற்றை மறிக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் செல்லும். போட்டதைத் திரும்பப் போடுவார்கள். திரும்பவும் வெள்ளம் வரும், திரும்பவும் போடுவார்கள்.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை 1897-க்குப் பின்னர்தான் உலகம் அறிந்தது. அணை கட்டியவர்கள் எதிரி எது என்றே தெரியாமல் போரிட்டார்கள். கட்டுமானக் காலத்தில் நோயால் மடிந்தோர் 483 பேர் என்று பதிவாகியுள்ளது. அணைக்கு வடக்கே, காட்டுக்குள், கல்லறைகளில் உறங்குகிறார்கள்.

இராணுவத்தின் சென்னைப் பயனீர் படையினர் வேலை செய்தார்கள். கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வழித் தச்சர்கள் வந்தார்கள். கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், மண் சுமந்தவர், மாடு ஓட்டியவர் என்று எத்தனை கைகள்! இரும்புக் கம்பி இல்லை, இன்றைய சிமெண்ட் இல்லை. கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி. இவற்றைக் கொண்டு 1,200 அடி நீள அணையை எழுப்பினார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவைத்தார். வேலை தொடங்கியபோது பென்னிகுயிக்குக்கு வயது 46. தண்ணீர் கிழக்கே பாய்ந்தபோது 54.

இங்கு ஒரு செய்தியைப் பேசியாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கதை உண்டு. அரசாங்கம் பணம் தர மறுத்ததாம்; துரை இங்கிலாந்து சென்று தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தாராம். கேட்டால் நெஞ்சு உருகும். நாமும் மேடையில் ஒருமுறை சொல்லிக் கைதட்டல் பெற்றதுண்டு. ஆனால் தோழர்களே, கணக்கேடு அப்படிச் சொல்லவில்லை. அந்த அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டப்பட்டது. அவருடன் பணிபுரிந்த பொறியாளர் மெக்கன்சி, 1899-இல் இந்தத் திட்டத்தின் வரலாற்றை முழு நூலாகவே எழுதிவைத்தார்.

கதையைப் பறிப்பதால் அவர் பெருமை குறையுமா? குறையாது, கூடும்! விற்க நகை இருப்பவன் விற்றுவிடலாம். பதின்மூன்று ஆண்டுகளை எங்கே போய் விற்பது? காட்டு ஆற்றின் சீற்றத்துக்குச் சளைக்காத உறுதியை எந்த வட்டிக்கடையில் அடகு வைப்பது? அவர் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது.

மற்றொன்றும் உண்டு. அணை ஒரு வள்ளலின் கொடை என்றால், நாம் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உழவன் கட்டிய வரிப்பணத்தில், தொழிலாளி சிந்திய வியர்வையில், ஒரு பொறியாளனின் அறிவில் எழுந்தது என்றால்? அப்போது நமக்கு ஓர் உரிமை பிறக்கிறது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது என்று எந்த அரசையும் கேட்கும் உரிமை! கொடை கேட்பவன் கைகட்டி நிற்பான். உரிமை கேட்பவன் நிமிர்ந்து நிற்பான். நாம் நிமிர்ந்து நிற்கப் பிறந்த இயக்கத்தவர். ஆகவே மெய்யையே சொல்வோம்.

1896-இல் அவர் தாயகம் திரும்பினார். கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். அந்த ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் வெள்ளத் தடுப்புக்கு யோசனை கேட்டு அவரை அழைத்தது. பிறகு சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லி என்ற ஊரில் ஓய்வு. 1911 மார்ச் 9 அன்று மறைந்தார். புனேயில் பிறந்து, தமிழ்நாட்டில் உழைத்து, இங்கிலாந்தில் கண்மூடிய அவருக்கு எது சொந்த ஊர்? கேம்பர்லியில் அவர் வீதியோடு போகும் பல பெரியவர்களுள் ஒருவர். கூடலூரிலோ அவர் வீட்டுக்கு வீடு படமாக மாட்டப்பட்டவர்! அந்தக் கேம்பர்லியிலும் 2022-இல் அவருக்குச் சிலை எழுந்தது, எழுப்பியது யார்? தமிழ்நாட்டு அரசு!

லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15 நம் பொங்கல் நாட்களில் விழுகிறது. பாலார்பட்டி மக்கள் அன்று அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. அதற்கப்பால் மதுரையும் மேலூரும் நீர் பெறுகின்றன. அந்தத் தண்ணீர் எந்த வயலிலும் நின்று, நீ என்ன சாதி என்று கேட்டதில்லை. நம்முள் பிறந்து, நம் மொழியே பேசி, குளத்தில் இறங்காதே, கிணற்றைத் தொடாதே என்று சொன்னவர்கள் உண்டு. கடல் கடந்த குடியில் பிறந்து, வறண்ட வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரும் உண்டு. இவர்களுள் யார் அந்நியர், யார் நம்மவர்? பிறப்பு விடை சொல்லாது, உழைப்புச் சொல்லும்.

அடுத்த பொங்கலன்று லோயர் கேம்ப் செல்லும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கர்னலின் சிலைக்கு மாலை அணிவியுங்கள்; அது நம் கடமை. அணிவித்த கையோடு, மலை இருக்கும் திசை நோக்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே காட்டுக்குள் 483 பேர் உறங்குகிறார்கள். அவர்கள் பெயரில் பேருந்து நிலையம் இல்லை. பிள்ளைக்குச் சூட்டப் பெயரும் நமக்குத் தெரியாது. கர்னல் வகுத்த திட்டம் அவர்கள் தோளில் ஏறித்தான் அணையாயிற்று. அவருக்கு வைக்கும் பொங்கலில் அவர்களுக்கும் ஒரு கைப்பிடி அரிசி சேரட்டும்!