ஹெலன் கெல்லர் அம்மையார் (1880 – 1968)

மாணவர்களே, ஹெலன் கெல்லர் பற்றி நீங்கள் எழுதும் பயிற்சி விடைகளைத் திருத்தும்போது ஒன்றைக் காண்கிறேன். பெரும்பாலானோர் தண்ணீர்ப் பம்பியடியில் நடந்த சம்பவத்தை எழுதிவிட்டு, உடனே அவர் பட்டம் பெற்ற செய்திக்குத் தாவிவிடுகிறீர்கள். அச்சம்பவத்திற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அறிந்தால்தான் அதன் பெறுமதி விளங்கும். எனவே அவரது குழந்தைப் பருவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஹெலன் 1880 யூன் 27 இல் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தது, ஆனால் பார்வையும் கேள்வியும் போய்விட்டன.

உங்கள் வீட்டுக் கைக்குழந்தையை நினைத்துப் பாருங்கள். அது தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. நிலாவைக் காட்டினால் நாம் கைநீட்டும் திசையைப் பார்க்கிறது. விழிப்புலனற்ற குழந்தைக்கு இந்த வழிகள் இல்லை. எனினும் தாயின் குரலைக் கேட்டு அது பேசப் பழகிவிடும். ஹெலனுக்கு அந்தக் குரலும் இல்லை. தொடுகையும் மணமும் சுவையுமே எஞ்சின.

அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் வா என்று பொருள். தள்ளினால் போ என்று பொருள். பாண் வேண்டுமானால் அதை வெட்டி வெண்ணெய் பூசுவதுபோலக் காட்டுவார். ஐஸ்கிறீம் வேண்டுமானால் அதைச் செய்யும் பொறியைச் சுற்றுவதுபோலக் காட்டிக் குளிரில் நடுங்குவார். இவ்வாறு அறுபதுக்கு மேற்பட்ட சைகைகளை உருவாக்கியிருந்தார். சமையற்காரியின் மகள் மார்த்தா வாஷிங்டனுக்கு அவை நன்கு விளங்கின. இருவரும் புல்லுக்குள் கினிக்கோழி முட்டை தேடித் திரிந்தனர்.

ஆனால் மற்றவர்கள் தன்னைப்போலச் சைகை காட்டாமல் வாயை அசைப்பதை ஹெலன் அறிந்தார். பேசும் இருவருக்கிடையே நின்று அவர்களின் உதடுகளைத் தொட்டுப் பார்த்தார். தாமும் உதட்டை அசைத்தார். பயனில்லை. ஆத்திரத்தில் உதைத்தார், கத்தினார். ஒருமுறை தாயைக் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டினார். தமது பொம்மையின் தொட்டிலில் தங்கை மில்ட்ரெட் உறங்குவதை அறிந்து தொட்டிலையே கவிழ்த்துவிட்டார். நல்லவேளை, தாய் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தார். இதைக் குறும்பு என்று எழுதாதீர்கள். மொழியில்லாத பிள்ளை தன் மனத்தை வேறு எப்படிக் காட்டும்?

பெற்றோர் அவரை அலெக்சாண்டர் கிரகம் பெல்லிடம் அழைத்துச் சென்றனர். தொலைபேசியால் புகழ்பெற்ற பெல், செவிப்புலனற்றோருக்குக் கற்பித்தவருமாவார். அவரது ஆலோசனைப்படி பொஸ்ரன் நகரிலிருந்த பேர்க்கின்ஸ் விழிப்புலனற்றோர் பாடசாலைக்கு எழுதினர். அங்கிருந்து 1887 மார்ச் 3 இல் 20 வயதுடைய அன் சலிவன் வந்து சேர்ந்தார். அவரும் கண்நோயால் பார்வை குன்றியவரே.

முதற் போராட்டம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. எல்லோருடைய தட்டிலும் கையிட்டு உண்பது ஹெலனின் வழக்கம். இரக்கத்தால் வீட்டார் தடுப்பதில்லை. சலிவன் தடுத்தார். பின் சிறுமியுடன் தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் சுமார் இரண்டு வாரம் தனியே தங்கினார். பொருளைத் தொடச்செய்து, அதன் பெயரை விரல் எழுத்துகளால் உள்ளங்கையில் எழுதினார். ஹெலன் விரலசைவைப் பின்பற்றினார். அது பெயர் என்று விளங்கவில்லை. குவளைக்கும் தண்ணீருக்கும் ஒரே குழப்பம்.

1887 ஏப்ரல் 5 இல் சலிவன் அவரைப் பம்பியடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் தண்ணீர் ஓட, மறு கையில் அதன் பெயரை எழுதினார். அன்றுதான் ஒவ்வொரு பொருளுக்கும் பெயருண்டு என ஹெலன் உணர்ந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: காலையில் கோபத்தில் உடைத்த பொம்மையின் துண்டுகளைத் திரும்பி வந்து தேடினார், அழுதார். முன்பு அவர் எதற்கும் வருந்தியதில்லை. அன்றிரவு முதன்முறையாகத் தாமாகவே ஆசிரியையை முத்தமிட்டார்.

இதன்பின் சலிவன் எடுத்த முடிவைப் பலர் எழுதுவதேயில்லை. ஹெலனின் உறவுக் குழந்தையொன்று, வயது 15 மாதம், பேசத் தொடங்குமுன்பே பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதை அவர் அவதானித்தார். அக்குழந்தைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆகவே நேரம் வைத்துப் பாடம் நடத்துவதைக் கைவிட்டார். குழந்தையின் காதில் பேசுவதுபோல, நாள் முழுவதும் ஹெலனின் கைக்குள் முழு வசனங்களாகவே பேசினார். விளங்காத இடத்தை ஹெலனின் பழைய சைகைகளால் நிரப்பினார். சில மாதங்களில் சிறுமி ஓயாமல் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

1888 இல் பேர்க்கின்ஸ் பாடசாலைக்குச் சென்றபோது, அங்கிருந்த விழிப்புலனற்ற பிள்ளைகளும் விரல் எழுத்துகளை அறிந்திருந்தனர். தம் மொழியிலேயே பேசி விளையாட ஒரு கூட்டம் கிடைத்தது. 1890 இல் வாய்ப்பேச்சும் பழகினார்.

எஞ்சியவை நீங்கள் அறிந்தவை. ஆண்டுகளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். சுயசரிதை நூலாக வெளிவந்தது 1903. ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றது 1904. சலிவன் மறைந்தது 1936. ஹெலன் 1968 யூன் 1 இல் காலமானார். அவரது அஸ்தி வாஷிங்டன் பேராலயத்தில், சலிவனின் அஸ்திக்கு அருகே வைக்கப்பட்டது.