கல்லெழுத்தில் அரசியல் கண்டவர்

நுழையும்முன்

ஓர் அரசன் எப்போது ஆண்டான் என்று கேட்பது வரலாறு. அவன் எவ்வாறு ஆண்டான், யாருடைய இசைவோடு ஆண்டான், ஊரார் தமக்குள் எதை முடிவு செய்தனர் என்று கேட்பது அரசியல். இவ்விரு வினாக்களையும் ஒரே கல்வெட்டின்முன் நின்று கேட்ட அறிஞர் ஒருவர் பொருநைக் கரையில் பிறந்தார். தென்னிந்திய வரலாற்று எழுத்துக்கு உறுதியான அடித்தளமிட்ட கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் வாழ்வும் பணியும் இங்கே கூறப்படுகின்றன.

தென்காசிக் கோபுரம்

குற்றாலச் சாரல் பெய்யும் நாள்களில் தென்காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நிற்பவரை மேற்கிலிருந்து வரும் காற்றுப் பிடித்துத் தள்ளும். இன்று ஏறத்தாழ 180 அடி உயரத்தில் காணப்படும் இக்கோபுரம் 1990இல் மீண்டும் எழுப்பப்பட்டதாகும். அதற்குமுன் பல தலைமுறையினர் கண்டது, சிதைந்து மொட்டையாக நின்ற கோபுரத்தையே. இக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். அவன் 1422 முதல் 1463 வரை ஆண்டவன். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேருமாயின், அதனைத் திருத்திக் காப்போர் யாராயினும் அவர்தம் அடிகளில் தான் வீழ்ந்து பணிவதாக அவன் கல்லில் பாடலாகப் பொறித்து வைத்தான்.

இதனைப் பக்தியின் வெளிப்பாடாகப் படிக்கலாம், அது தவறன்று. ஆனால் இதனுள் ஓர் அரசியல் செய்தியும் உண்டு. மதுரை பாண்டியரின் கையைவிட்டுப் போய்விட்டது. முதலில் சுல்தான்களும் பின்னர் விசயநகரத்தாரும் அங்கே மேலாண்மை செலுத்தினர். மலையடிவாரத்தில் எஞ்சிய சிறு நிலத்தை ஆண்ட அரசன், தன் மரபு நிலைக்கும் என்று நம்பிக் கட்டளையிடவில்லை. முகம் அறியாத எதிர்கால மக்களிடம் வேண்டுகோள் விடுத்தான். ஆணையிடும் குரல் ஏன் வேண்டும் குரலாக மாறியது என்று கேட்பவரே கல்வெட்டை முழுமையாகப் படிப்பவர் ஆவார். 1929இல் சாஸ்திரியார் வெளியிட்ட பாண்டியர் வரலாற்று நூல் இத்தென்காசிப் பாண்டியரின் காலம் வரை வந்தே முடிகிறது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

நீலகண்ட சாஸ்திரியார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் முதல் எழுத்து அவ்வூரையே குறிக்கிறது. பொருநை நதி அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் இரு கரைகளில் வைத்துப் பாயும் நெல்வளம் மிக்க பகுதி அது. அவர் சிறுவராக இருந்தபோதுதான் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. மலைக்கு இப்பால் கம்பெனியார் வழிவந்த ஆங்கில ஆட்சியும் அப்பால் திருவாங்கூர் மன்னராட்சியும் நடந்தன. செங்கோட்டையே அன்று திருவாங்கூரைச் சேர்ந்தது. ஒரே தொடர்வண்டியில் அமர்ந்து, இரு வேறு ஆட்சிமுறைகளுக்கு இடையே சென்றுவர முடிந்த பகுதியில் அவர் வளர்ந்தார்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் இடைநிலை வகுப்பையும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மேற்படிப்பையும் முடித்தார். முதுகலைத் தேர்வில் மாகாணத்தில் முதலிடம் பெற்றார்.

அக்காலத்துக் கல்லூரி வரலாற்றுப் படிப்பு இன்றைய படிப்பைப் போன்றதன்று. இன்று மேல்நிலை வகுப்பில் வரலாற்றுக்கு ஒரு நூலும் அரசியல் அறிவியலுக்கு ஒரு நூலும் தனித்தனியே உள்ளன. அன்று அரசியல், தனித் துறையாகப் பிரிந்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுக்கெனத் துறை 1914இல் தோன்றியது. அரசியலுக்கும் பொது நிருவாகத்துக்கும் தனித்துறை 1937இல்தான் அமைந்தது. எனவே வரலாறு பயின்ற மாணவர் இங்கிலாந்தின் அரசமைப்பு வளர்ச்சியையும் சேர்த்தே பயின்றார். கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய சீலி போன்றோர், ஆட்சி நடத்துவோருக்கான பயிற்சியாகவே வரலாற்றைக் கருதினர். அந்தக் கருத்தின் சாயல் நம் கல்லூரிகளிலும் படிந்திருந்தது. பிற்காலத்தில் அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலையும் அரசியலையும் இணைத்து ஆனர்ஸ் பட்டப்படிப்பாகப் பயின்றதும் இத்தகைய கூட்டுக் கல்வி மரபையொட்டியே ஆகும்.

ஆயினும் இக்கல்வியில் ஒரு முரண் இருந்தது. இங்கிலாந்தின் வரலாற்றைப் படிக்கும்போது நாடாளுமன்றமும் வரிவிதிப்பு உரிமையும் நீதிமன்றமும் வந்தன. இந்திய வரலாற்றைப் படிக்கும்போது போர்களும் பட்டமேற்புகளும் மட்டுமே வந்தன. அங்கே அரசியல் உண்டு, இங்கே அரசர்கள் மட்டுமே உண்டு என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் சொல்லாமலேயே பதிந்தது. வின்சென்ட் ஸ்மித் 1904இல் வெளியிட்ட பழைய இந்திய வரலாற்று நூலில் தெற்கு, இறுதிப் பகுதியில் சிறிதளவே இடம்பெற்றது. தம்மைத் தாமே ஆளும் பழக்கம் இந்தியருக்கு இருந்ததா என்பது அன்று வெறும் வகுப்பறை வினாவன்று. சட்டமன்றங்களில் எத்தனை இந்தியருக்கு இடமளிப்பது என்று ஆங்கில அரசு கணக்கிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1909இல் மைசூரில் கௌடலியரின் அர்த்தசாத்திர மூலம் அச்சேறியது. இந்திய அரசியல் சிந்தனையைப் பற்றிய ஆராய்ச்சி விரைவு பெற்றது. சாஸ்திரியாரும் தம் இருபதாம் வயதில், 1912இல், பழைய இந்தியாவின் அரசியல் கோட்பாட்டைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிற்காலத்தில் சோழர் வரலாற்றாசிரியர் என்றே புகழ்பெற்ற அவர், எழுத்துலகில் நுழைந்தது அரசியல் என்னும் வாயில் வழியாகத்தான்.

ஆசிரியப் பணி

1913 முதல் 1918 வரை தாம் பயின்ற திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகப் பணியாற்றினார். அதன்பின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். தென்காசி நாட்டிலிருந்து வடகாசிக்குச் சென்றவர், 1920இல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கப்பெற்ற கல்லூரியின் முதல்வராகத் திரும்பினார். அக்கல்லூரியே பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1929இல் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிய பின், அதே ஆண்டில் சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்காருக்கு அடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தொல்லியல் பேராசிரியரானார். 1946 வரை அப்பதவியில் இருந்தார்.

மானூர்ச் சபையும் ஐந்து காசும்

பாண்டியர் வரலாற்றை எழுதியபோது சாஸ்திரியார் எதிர்கொண்ட முதல் இடர், யார் எப்போது ஆண்டார் என்பதே. பாண்டியர் கல்வெட்டுகளில் ஒரே பெயர் பலருக்கு வழங்குகிறது. ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரசர்களின் ஆட்சியாண்டுகளும் காணப்படுகின்றன. ஐந்து உடன்பிறந்தார் பாண்டி நாட்டை ஆண்டதாக மார்க்கோ போலோவும் எழுதியுள்ளார். கல்வெட்டில் குறித்துள்ள நாள், திதி, நட்சத்திரம் ஆகியவற்றைக் கணித்து ஆண்டை உறுதிசெய்வது வரலாற்று வேலை. ஆனால் ஆண்டு உறுதியானவுடன் அரசியல் வினா எழுந்துவிடுகிறது. அவ்வைவரும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டவர்களா? ஒருவருக்குக் கீழ் மற்றவர் பகுதித் தலைவர்களாக இருந்தனரா? முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாம் வினாவைக் கேட்கவே இயலாது என்பதை அந்நூல் பக்கந்தோறும் காட்டுகிறது.

அந்நூலில் அவர் ஆராய்ந்த சான்றுகளுள் மானூர்க் கல்வெட்டுச் சிறப்பானது. மானூர், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ள ஊர். கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டி, மாறஞ்சடையன் காலத்தில், அவ்வூர்ச் சபையார் கூடித் தமக்கு விதிகள் வகுத்துக்கொண்டனர். ஊரில் முழுப்பங்கு நிலம் உடையவரும், நல்லொழுக்கமும் வேதநூற் பயிற்சியும் வாய்ந்தவரும் மட்டுமே சபையில் உறுப்பினராகலாம். அடுத்து வரும் விதி வியப்பளிப்பது. சபையில் எக்காரியம் வந்தாலும் மறுப்பு மட்டுமே கூறிச் செயலைத் தடுப்போரும், அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். இத்தகைய விதியை எழுதும் நிலை எப்போது வரும்? அவ்வாறு தடுத்தவர் சிலர் அவ்வூரில் உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். சபையின் கூச்சலும் சலிப்பும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்து நம் காதில் விழுகின்றன.

உத்திரமேரூரில் முதற்பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் இதற்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டவை. முப்பது குடும்புகளாக ஊர் பகுக்கப்பட்டது. பெயரெழுதிய ஓலைகள் குடத்திலிட்டு எடுக்கப்பட்டன. ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என வேலைகள் பிரிக்கப்பட்டன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். சாஸ்திரியார் 1932இல் சோழர் ஆட்சிமுறை பற்றிய கட்டுரைத் தொகுதியை வெளியிட்டு, இவ்விதிகளை விரிவாக ஆராய்ந்தார்.

இங்கேதான் அவருடைய நேர்மைக்குச் சோதனை வந்தது. இந்திய விடுதலை வேட்கை ஓங்கியிருந்த அந்நாளில், பழைய இந்தியாவில் குடியரசுகளும் நாடாளுமன்றங்களும் இருந்தன என்று எழுதிய அறிஞர் பலர். நாட்டுக்கு அந்த எழுத்து ஊக்கமளித்தது. ஆனால் சான்றுகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. சாஸ்திரியார் ஊர்ச்சபைகளின் ஒழுங்கையும் பொறுப்பையும் மனமாரப் பாராட்டினார். எனினும் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயதும், வேதப் பயிற்சியும் உடையவரே குடவோலைக்குத் தகுதி பெற்றனர் என்பதை மறைக்கவில்லை. பெண்களுக்கும் நிலமற்ற உழவர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. பிராமணர் ஊர்களில் சபை, ஏனைய ஊர்களில் ஊர், வணிகர் குடியிருப்புகளில் நகரம் என்று அமைப்புகள் வேறுபட்டிருந்ததையும் அவர் பிரித்துக் காட்டினார்.

குற்றாலம் செல்வோர் அருவியில் குளித்து, குற்றாலநாதரை வணங்கித் திரும்புகின்றனர். கோயிலின் கல்வெட்டுகளுக்கு முன் நிற்போர் அரியர். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இரண்டும் அங்கே உள்ளன. தஞ்சையிலிருந்து இத்துணைத் தொலைவில், மேற்குமலையின் அடிவாரத்தில், சோழன் ஆட்சியாண்டால் காலம் குறிக்கப்பட்டது என்பது சிறு செய்தியன்று. வென்ற நாட்டைச் சோழர் எவ்வாறு ஆண்டனர்? இராசேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்னும் பட்டத்தோடு பாண்டிநாட்டை ஆள அமர்த்தினான். வென்றவனும் வெல்லப்பட்ட மரபின் பெயரைச் சூடிக்கொண்டே ஆள வேண்டியிருந்தது.

சோழர் வரலாறும் அதன்மேல் எழுந்த வினாக்களும்

1935இலும் 1937இலும் வெளிவந்த சோழர் வரலாறே அவருடைய தலைசிறந்த படைப்பு. சோழப் பேரரசின் நடுவண் ஆட்சியைப் பைசாந்தியப் பேரரசின் மாட்சியோடு அவர் ஒப்பிட்டார். வலிமைமிக்க அதிகாரிகள் கூட்டம் மேலேயும், தம் காரியங்களைத் தாமே நடத்திய ஊர்கள் கீழேயும் ஒருங்கே இருந்தன என்பது அவர் முடிவு.

இவை இரண்டும் எவ்வாறு ஒத்து வாழ்ந்தன என்ற வினாவே பிற்கால ஆய்வாளரை ஈர்த்தது. அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில் சாஸ்திரியாரின் பேரரசுக் கருத்தை மறுத்து, உண்மையான அதிகாரம் நாடுகளிடமே இருந்தது என்றார். எ. சுப்பராயலுவும் சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு இருவரின் கருத்துகளையும் சீர்தூக்கினர். தமிழ் இலக்கியச் சான்றுகளைக் கையாள்வதில் சாஸ்திரியார் வையாபுரிப்பிள்ளை போன்றோரின் துணையைச் சார்ந்திருந்தார் என்றும், வடமொழி மரபின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார் என்றும் குறை கூறுவோர் உண்டு. அக்குறைகளில் உண்மை இல்லாமலில்லை. அவர் எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்ததால், தம் ஊரின் கல்வெட்டைப் பற்றி அவர் எழுதியதைத் தமிழ் மட்டும் அறிந்த மாணவர் படிக்க, மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின்னும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. சீவிசய வரலாறு 1949இல் வந்தது. 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தொல்பழங்காலம் முதல் விசயநகர வீழ்ச்சி வரையிலான தென்னிந்திய வரலாறு 1955இல் வெளியாகி, இன்றளவும் இளங்கலை மாணவர் கையில் உள்ளது. 1957இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு முதல் 1972 வரை சென்னையில், தென்கிழக்காசிய மரபுப் பண்பாடுகளுக்கென யுனெஸ்கோ துணையோடு இயங்கிய நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1959இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வரலாறு பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

1975ஆம் ஆண்டு சூன் மாதம், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார். தென்காசிக் கோபுரம் அப்போதும் சிதைந்தே நின்றது. அதனைத் திருத்த வருவோர் எனப் பராக்கிரம பாண்டியன் முன்கூட்டியே வணங்கி வைத்த அந்த முகமறியா மனிதர்கள் வந்து பணியை முடிக்க, மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.