பல்வங்கர் பாலு: பந்தைக் கொடுத்தவர்கள் தலைமையை மறுத்தார்கள்

நந்தனத்தில் இன்று இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, சென்னையில் 1920ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் அதே ஆண்டின் இன்னொரு நிகழ்வு நம் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமூகவாரியாக அணிகள் மோதிய பம்பாய் மாகாணக் கிரிக்கெட் போட்டியில், இந்து அணியிலிருந்து இரு தலித் வீரர்கள் வெளியேறினர். தம் அண்ணன் பல்வங்கர் பாலுவுக்கு இழைக்கப்பட்ட அநீதியே அதற்குக் காரணம்.

1876இல் தார்வாடில், சமார் குடும்பத்தில் பிறந்தவர் பாலு. புனேயில் வெள்ளையர் சங்கத்தின் ஆடுகளத்தை உருளையிட்டுச் சமன்படுத்தும் பணியில் மாதம் நான்கு ரூபாய் ஊதியம் பெற்றார். ஆங்கிலேய மட்டையாளர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே தலைசிறந்த இடக்கை சுழற்பந்து வீச்சாளரானார். மட்டையைத் தொடும் வாய்ப்போ அங்கே அவருக்கு அளிக்கப்படவில்லை. வெள்ளையரை வெல்ல விரும்பிய புனே இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். உணவும் தனியாகவே. இரட்டைக் குவளை தேநீர்க் கடைகளில் மட்டும் இருந்ததன்று.

பின்னர் பம்பாய்க்குச் சென்ற பாலு, 1906இல் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வீழ்த்திய இந்து அணியில் ஆடினார். 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1913இல் தலைவரான எம்.டி.பாய், மூத்தவரான பாலுவுக்கே அப்பொறுப்பு உரியது என வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1920இல் பாய் ஆட இயலாதபோது தலைமை வேறொரு பிராமண வீரருக்குச் சென்றது; பாலு அணியிலேயே இல்லை. தம்பியர் சிவராமும் விட்டலும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து விலகினர். அடுத்த ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார்; பாய் களத்தைவிட்டு அகன்ற சிறிது நேரம் அணியை நடத்தினார். 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி பெற்றதற்கு அந்த விலகலும் ஒரு காரணம்.

பாலுவின் அரசியலையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தனித்தொகுதிச் சிக்கலில் அவர் சென்னையின் எம்.சி.ராஜாவின் பக்கம் நின்றார். 1932 புனே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று, 13,245க்கு 11,225 வாக்குகள் என்ற கணக்கில் தோற்றார். அம்முடிவுகளோடு நாம் உடன்படவில்லை. ஆயினும் 1955இல் மறைந்த அவரது வாழ்வு நமக்கு ஒரு வலுவான சான்று.

தகுதி இருந்தால் எவரும் உயரலாம் என்போரிடம் பாலுவின் கணக்கை நீட்டலாம். திறமையைப் பயன்படுத்திக்கொள்ளச் சாதி ஒருபோதும் தயங்கியதில்லை. அதிகாரத்தைப் பகிரும் இடத்தில்தான் அது வாயிலை அடைத்தது. ஆகவே, நம் கல்லூரி அணிகளில் யார் ஆடுகிறார்கள் என்பதோடு, அணியைத் தேர்ந்தெடுப்பவர் யார், தலைவரை நியமிப்பவர் யார் என்றும் கேட்போம்.