பாடகர் குழுவில் இடம் கிடைக்காத மாணவி
ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், பெண்கள் பாடசாலை ஒன்றில் இருந்து வெளியேறி உலகப்புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி எழுத விழைகிறோம். அவர் தம் பாடசாலையைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தே வாழ்ந்தார். பிற்காலத்தில் அங்கிருந்து விருந்தினராக அழைப்பு வந்தபோதும் செல்லவில்லை. அவரே அமெரிக்க ஜாஸ் இசையின் முதற்பெண்மணி எனப் போற்றப்படும் எலா ஃபிட்ஸ்ஜெரால்ட். நூற்றாண்டு மலர் ஒன்றில் இத்தகைய ஒருவரின் வாழ்க்கையை ஏன் நினைவுகூர வேண்டும் என்பதை வாசித்து முடிக்கையில் தோழியர் உணர்வர் என நம்புகிறோம்.

எலா 1917 ஏப்ரல் 25ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயார் அவரை அழைத்துக்கொண்டு நியூயோர்க்கை அடுத்த யோங்கர்ஸ் நகரிற் குடியேறினார். சிறுமி எலாவுக்கு நடனத்திலேயே பெருவிருப்பம். தேவாலயத்திற் கேட்ட பாடல்களும், வீட்டில் இசைத்தட்டிற் கேட்ட பொஸ்வெல் சகோதரிகளின் குரல்களுமே அவருக்குக் கிடைத்த இசைப்பயிற்சி. 1932இல் தாயார் காலமானார். அப்போது எலாவுக்கு 15 வயது. ஹார்லெமில் பெரியம்மா ஒருவரின் பொறுப்பில் வளர்ந்த காலத்தில் பாடசாலைக்குச் செல்வது நின்றது. சட்டவிரோதச் சூதாட்டக்காரருக்குச் சீட்டுக்கொண்டு ஓடும் வேலையும் செய்தார். அதிகாரிகள் அவரைப் பிடித்து முதலில் அநாதை இல்லத்திலும், பின்னர் ஹட்சன் நகரில் இருந்த நியூயோர்க் மாநிலப் பெண்கள் பயிற்சிப் பாடசாலையிலும் சேர்த்தனர்.

பெயர்தான் பாடசாலை. உண்மையில் அது நீதிமன்றம் அனுப்பிவைக்கும் சிறுமிகளைத் தடுத்து வைக்கும் இடம். கறுப்பினச் சிறுமிகளுக்கு நெருக்கடியான தனி விடுதிகள். அடியும் தண்டனையும் அங்கு வழமை. ஆயினும் அங்கே நல்லதொரு பாடகர் குழு இருந்தது. அதில் வெள்ளையினச் சிறுமிகள் மாத்திரமே பாடினர். எலாவுக்கு அதில் இடமில்லை. அவரைக் கற்பித்த ஆங்கில ஆசிரியை ஒருவர், முதுமையிலும் அவரது நேர்த்தியான கையெழுத்தை நினைவில் வைத்திருந்தார். ஓர் ஆசிரியை கையெழுத்தைக் கவனித்தார். குரலைக் கவனிக்க அந்தப் பாடசாலையில் எவரும் இருக்கவில்லை. பின்னாளில் உலகம் முழுவதும் காசு கொடுத்துக் கேட்ட குரல் அது.

அங்கிருந்து வெளியேறிய எலா, நிலையான வீடின்றி ஹார்லெம் தெருக்களிற் பாடியும் ஆடியும் காலங்கழித்தார். 1934 நவம்பர் 21ஆம் திகதி அப்பல்லோ அரங்கின் புதுமுகக் கலைஞர் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். ஆடுவதற்காகவே கொடுத்தார். ஆனால் அவருக்கு முன்னர் மேடையேறிய சகோதரிகள் இருவர் மிகச் சிறப்பாக ஆடிவிட்டனர். அவர்களுக்குப் பின் ஆடத் துணிவு வராமல், வேறு வழியின்றிப் பாடினார். முதற் பரிசு 25 டொலர் கிடைத்தது. அவருக்கு வயது 17.

இதன்பின் வந்த அரை நூற்றாண்டின் வரலாறு ஒருவர் தனித்துப் புகழ்பெற்ற வரலாறு அன்று. பிறரோடு சேர்ந்து பாடியும், பிறருக்குச் செவிகொடுத்தும் வளர்ந்த ஒருவரின் வரலாறு.

முதலாமவர் சிக் வெப். ஹார்லெமின் சவோய் நடன மண்டபத்தில் வாத்தியக்குழு நடத்திய முரசுக் கலைஞர். சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயாற் கூன் விழுந்து, உயரம் குன்றி, வலியோடு வாழ்ந்தவர். அழுக்கான உடையில் வந்து நின்ற பெண்ணைக் குழுவிற் சேர்க்க அவரும் முதலில் தயங்கினார். பாடக் கேட்டபின் தயக்கம் நீங்கியது. 1935 யூனில் எலாவின் முதல் இசைத்தட்டு டெக்கா நிறுவனத்தில் ஒலிப்பதிவானது. மூன்று ஆண்டுகளின் பின், சிறுமிகள் வட்டமாக நின்று விளையாடும்போது பாடும் பழைய பாட்டொன்றை எடுத்து, வான் அலெக்சாண்டருடன் சேர்ந்து புதிதாக்கினார் எலா. ‘ஏ டிஸ்கற் ஏ டாஸ்கற்’ என்ற அந்தப் பாடல் 1938இல் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. விளையாட்டு முற்றத்தை விட்டு வெகு சீக்கிரம் வெளியேற நேர்ந்த ஒருவருக்கு விளையாட்டுப் பாட்டே முதற் புகழைக் கொடுத்தது. 1939 யூன் 16ஆம் திகதி சிக் வெப் இளவயதிலேயே காலமானார். 22 வயது எலாவின் பெயரில் அக்குழு மேலும் மூன்று ஆண்டுகள் இயங்கியது.

நாற்பதுகளில் வாத்தியக்குழுக்களின் காலம் மங்கியது. எலா தனிப்பாடகியானார். ஆயினும் டெக்கா நிறுவனத்தில் இங்க் ஸ்பொட்ஸ் என்ற நால்வர் குழு, லூயி ஜோர்டன், லூயி ஆம்ஸ்ட்ரோங் எனப் பலரோடும் இணைந்து பாடினார். அக்காலத்தில் டிஸி கில்லெஸ்பி முதலிய இளைஞர்கள் பீபொப் என்னும் வேகமான புதுப்பாணியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அவரோடு பயணம் செய்த எலா, எக்காளம் செய்வதைத் தம் குரலிற் செய்து பார்த்தார். சொற்களை விட்டு, வெறும் ஒலிகளால் உடனுக்குடன் கற்பனை செய்து பாடும் இம்முறை ஸ்கற் எனப்படும். எமது இசையிற் கற்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் இசை கற்காதவர், பக்கத்தில் நின்று வாசித்தவர்களையே ஆசிரியர்களாக்கிக்கொண்டார்.

இரண்டாவது பெருந்திருப்பம் நோர்மன் கிரான்ஸ். எலாவின் முகாமையாளரான இவர், 1956இல் அவருக்காகவே வேர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் சிறந்த பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவரின் பாடல்களையும் தனித்தனித் தொகுப்பாக எலா பாடுவது என்பது திட்டம். 1956இல் கோல் போட்டருடன் தொடங்கி 1964இல் ஜொனி மேர்சருடன் நிறைவுற்ற இவ்வரிசையில் எட்டுத் தொகுப்புகள் வெளிவந்தன. கேர்ஷ்வின் சகோதரர்களின் தொகுப்பு மாத்திரம் ஐந்து இசைத்தட்டுகள். டியூக் எலிங்டனின் பாடல்களைப் பதிவு செய்தபோது எலிங்டனே தம் குழுவுடன் வந்து வாசித்ததோடு, எலாவைச் சித்திரிக்கும் இசைக்கோவை ஒன்றையும் பில்லி ஸ்ட்ரேஹோர்னுடன் சேர்ந்து ஆக்கினார். மேடை நாடகங்களோடும் திரைப்படங்களோடும் மறைந்து போகக்கூடிய பாடல்கள் பல இத்தொகுப்புகளால் நிலைபெற்றன.

1956 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஹொலிவூட்டில் நடந்த ஒலிப்பதிவைத் தனியே குறிப்பிட வேண்டும். முதல்நாள் இரவு ஹொலிவூட் போல் திறந்தவெளி அரங்கிற் பாடிய எலாவும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் ஒரே நாளில் 11 பாடல்களைப் பாடி முடித்தனர். ஒஸ்கார் பீற்றர்சன் பியானோவும், ஹேர்ப் எலிஸ் கிற்றாரும், படி ரிச் முரசும் வாசித்தனர். பாஸ் வாசித்தவர் ரே பிரௌன். எலாவின் கணவராக இருந்து, 1953இல் மணமுறிவு பெற்றவர். பாடல்களையும் சுருதியையும் தெரிவதில் எலா மூத்தவரான லூயிக்கே விட்டுக்கொடுத்தார். தமக்குப் பொருந்தாத சுருதியிலும் பாடினார். லூயியின் கரகரத்த குரலும் எலாவின் தெளிந்த குரலும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிப்பதை இன்றும் அந்த இசைத்தட்டிற் கேட்கலாம்.

மேடைக்கு வெளியே அவரை எல்லோரும் இவ்வாறு மதித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1954இல் அவுஸ்திரேலியா செல்லும் வழியில், முதல் வகுப்புச் சீட்டிருந்தும் ஹொனலூலுவில் அவரை விமானத்தில் ஏறவிடவில்லை. எலாவும் உடன் சென்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1955இல் ஹியூஸ்ரன் நகரில், கறுப்பரும் வெள்ளையரும் கலந்தமர வேண்டும் என்ற நிபந்தனையோடு கிரான்ஸ் கச்சேரி வைத்தார். பொலிஸார் ஒப்பனை அறைக்குள் நுழைந்து, சூதாடியதாகக் கூறி எலாவையும் கில்லெஸ்பியையும் ஏனையோரையும் கைது செய்தனர். பிணையில் வந்த எலா அன்றிரவே மீண்டும் மேடையேறிப் பாடினார்.

1960 பெப்ரவரியில் பேர்லின் கச்சேரியில் ஒரு பாடலின் நடுவே சொற்கள் மறந்துபோயின. நிறுத்தாமல், மறந்ததையே வேடிக்கையாக்கிப் புதுச்சொற்களைக் கட்டிப் பாடினார். அந்த ஒலிப்பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. வாழ்நாளில் அவர் பெற்ற கிராமி விருதுகள் 13. 1963இல் கவுண்ற் பேசியின் பெருங்குழுவோடு பாடியவர், 1973 முதல் 1986 வரை ஜோ பாஸின் கிற்றார் ஒன்றை மாத்திரம் துணைகொண்டு நான்கு இசைத்தட்டுகளை வெளியிட்டார். பெருங்குழுவின் முழக்கத்தையும் மீறி ஒலித்த குரல், ஒற்றை வாத்தியத்தின் அருகே அடங்கி ஒலிக்கவும் அறிந்திருந்தது.

வைத்தியத் துறையில் இருக்கும் எமக்கு அவரது இறுதிக்காலம் மிகவும் பழக்கமானது. நீரிழிவு கண்ணின் நுண்ணிய இரத்தக்குழாய்களைத் தாக்கும். பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். காலுக்குச் செல்லும் இரத்தோட்டத்தை ஒடுக்கும். எலாவின் பார்வை மங்கியது. 1986இல் இருதய சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின்னும் மேடைக்குத் திரும்பினார். கடைசிக் கலையக இசைத்தட்டு 1989இல் வெளிவந்தது. கார்னகி மண்டபத்தில் அவர் கடைசியாகப் பாடியது 1991இல். 1993இல் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. நடனமாட விரும்பிய சிறுமியின் கால்கள் அவை. அதே ஆண்டில், பிள்ளைகளின் கல்விக்கும் இசைக்கும் நீரிழிவு ஆய்வுக்கும் உதவ அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1996 யூன் 15ஆம் திகதி, 79ஆவது வயதில் பெவர்லி ஹில்ஸ் வீட்டிற் காலமானார்.

ஹட்சன் பாடசாலையில் அவர் பட்ட துன்பம் அவர் மறைந்த அந்த ஆண்டிலேதான் பத்திரிகை மூலம் பலருக்கும் தெரியவந்தது. அழைப்பு வந்தும் அவர் போகாததை நன்றி மறத்தல் என்று எவரும் சொல்ல முடியாது. பாடசாலைகள் தம்மைப் புகழ்பெறச் செய்தவர்களை எளிதில் நினைவு கொள்கின்றன. தாம் செவிகொடுக்கத் தவறியவர்களை நினைவு கொள்வது அரிது.

எமது பாடசாலை எமக்கு அன்னை. அதில் ஐயமில்லை. ஆயினும் இம்மலரிற் புகைப்படங்களைத் தேடும்போது, வகுப்பு இடாப்பில் இடைநடுவில் நின்றுபோன பெயர்கள் சில எம் நினைவுக்கு வந்தன. இடப்பெயர்வால் நின்றவர்கள், வீட்டு நிலைமையால் நின்றவர்கள், பரிசளிப்பு விழா மேடையில் ஒரு நாளும் ஏறாதவர்கள், ஒன்றுகூடல்களுக்கு ஒருபோதும் வராதவர்கள். அவர்களில் எவரது குரலை நாம் கேளாமல் விட்டோமோ! நூற்றாண்டு விழாவுக்கு முன்னர் ஒவ்வொருவரும் அப்படி ஒரு தோழியைத் தேடிப் பேசுவோம். அவர் வர விரும்பாவிடின் குறை கூறாது, ஏன் என்று கேட்போம். இன்று பாடசாலையில் இருக்கும் ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள்: பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரியும் நாளில், கடைசி வாங்கில் இருப்பவளையும் எழுப்பி, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள்.