ஹியூ ஹாமண்ட் பென்னெட்

ஹியூ ஹாமண்ட் பென்னெட் (ஏப்ரல் 15, 1881 – சூலை 7, 1960) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மண்ணியலாளர் ஆவார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேளாண் நிலத்தின் மண்ணைக் காப்பதை அரசின் கடமையாக ஏற்கச் செய்தவர். அந்நாட்டில் மண் பாதுகாப்பின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கையும் ஆய்வும்

இவர் வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். 1903 இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். 1905 இல் வர்ஜீனியாவின் லூயிசா கவுண்டியில், அருகருகே இருந்த காட்டு நிலத்தையும் உழவு நிலத்தையும் ஒப்பிட்டார். காட்டு மண் ஈரமும் பொலபொலப்பும் கொண்டிருந்தது; உழவு நிலம் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் மேல்மண் மெல்லிய படலமாகக் கரைந்து போவதே இதற்குக் காரணம் எனக் கண்டார். 1928 இல் மண்ணரிப்பின் தீங்கை விளக்கும் அறிக்கையைச் சாப்லைனுடன் இணைந்து வெளியிட்டார்.

பெருமந்தமும் புழுதிப் புயல்களும்

முதல் உலகப்போரின்போது கோதுமை விலை உயர்ந்ததால் பெருஞ்சமவெளியின் புல்வெளிகள் பரவலாக உழப்பட்டன. பின்னர் விலை வீழ்ந்தபோது, வருவாயை ஈடுகட்ட உழவர்கள் மேலும் நிலத்தை உழுதனர். 1930களின் வறட்சியில் பயிர் பொய்த்தது. மூடாக்கின்றி இருந்த மண் காற்றில் பறந்தது.

1933 இல் உள்துறையில் மண்ணரிப்புச் சேவை தொடங்கப்பட்டு, பென்னெட் அதன் தலைவரானார். விஸ்கான்சினின் கூன் கிரீக் வடிநிலத்தில் முதல் செயல்விளக்கத் திட்டம் நடைபெற்றது. சரிவுக்குக் குறுக்கே உழுதல், பட்டைப் பயிரிடல், பயிர்ச்சுழற்சி ஆகியவை உழவர்களின் நிலங்களிலேயே செய்து காட்டப்பட்டன. வேலையற்ற இளைஞர்களைக் கொண்ட குடிமைப் பாதுகாப்புப் படையினர் இப்பணியில் உழைத்தனர். இதனால் மண்ணைக் காக்கும் பணி வேலைவாய்ப்பாகவும் அமைந்தது.

1935 வசந்த காலத்தில் புழுதிப் புயல்கள் தலைநகர் வாசிங்டன் வரை எட்டின. பென்னெட் காங்கிரசுக் குழுக்களின் முன் சான்றளித்தார். ஏப்ரல் 27, 1935 அன்று குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் மண் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இதன்படி வேளாண்மைத் துறையில் மண் பாதுகாப்புச் சேவை நிலையான அமைப்பாக நிறுவப்பட்டது. 1951 வரை பென்னெட் அதன் தலைவராக இருந்தார்.

பிற்காலம்

அரசு ஆணைகளால் மட்டும் நிலத்தைக் காக்க இயலாது, உழவர்களே முன்வர வேண்டும் என்பது இவரது கருத்து. அதற்கேற்ப 1937 முதல் உள்ளூர் மண் பாதுகாப்பு வட்டங்கள் உருவாயின. அவற்றுள் முதலாவதான பிரவுன் கிரீக் வட்டம் இவர் பிறந்த ஆன்சன் கவுண்டியில் அமைந்தது. பென்னெட் 1960 இல் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இவர் தலைமை தாங்கிய சேவை 1994 இல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை எனப் பெயர் மாற்றம் பெற்றது.