யாழின் தலைக்கோலமும் விபுலாநந்த அடிகளாரும்

கொல்லி மலையை அண்ணாந்து பார்த்து வாழும் நமக்கு யாழ் அயலார் கருவி அன்று. வல்வில் ஓரியை இன்னான் என்று அறியாமலே காட்டில் எதிர்ப்பட்ட வன்பரணர், தம்முடன் வந்த பாணர் சுற்றத்தாரை முழவுக்கு மண் இடவும் யாழில் பண் நிறுத்தவும் ஏவிய காட்சியைப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் காண்கிறோம். ஆயின் அன்று ஒலித்த யாழ் ஒன்றையேனும் இன்று நாமக்கல்லிலோ சேலத்திலோ காட்ட வல்லார் இல்லர். தமிழகம் முழுவதும் தேடினும் நிலை அதுவே. மரமும் தோலும் நரம்பும் மண்ணோடு மண்ணாயின. அவற்றைக் குறித்த சொற்களே எஞ்சின. அச்சொற்களைக் கொண்டே கருவியை மீட்க முனைந்தவர் விபுலாநந்த அடிகளார்.

இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என முஸ்லிம் மக்கள் மிகுதியாக வாழும் ஊர்கள் சூழ்ந்த இடம் அது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1892-இல்தான். அந்நூலே பின்னாளில் இக்குழந்தையின் வாழ்நாள் உழைப்பாக அமைந்ததை எண்ணுங்கால் வியப்புத் தோன்றுகிறது.

மயில்வாகனனார் முதலிற் கற்றது அறிவியல். கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வென்று, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஒரு கையில் கணக்கும் மறு கையில் தொல்காப்பியமும் வைத்திருந்த இவ்விரட்டைப் புலமை இல்லையேல் யாழ் நூல் பிறந்திராது என்பது நம் கருத்து. 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் துறவு ஏற்று விபுலாநந்தர் ஆனார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியது, பாரதியாரைப் புலவர் உலகம் ஏற்கத் தயங்கிய நாளில் அவர் பாடல்களை மாணவரிடையே பரப்பியது ஆகிய யாவும் தனித்தனியே விரித்தற்கு உரியவை. ஈண்டு யாழை மட்டுமே தொடர்வோம்.

சிலம்பின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையே அடிகளாருக்குத் திறவுகோல் ஆயிற்று. அவ்வுரையாசிரியர் கொங்கு நாட்டு நிரம்பையில் தோன்றியவர் என்பர். நம் பக்கத்தவர் என்று நாம் சற்றே பெருமிதம் கொள்வதில் தவறில்லை. பேரியாழுக்கு 21, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என நரம்புகளின் எண்ணிக்கை அவ்வுரையிற் கிடைக்கிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் அறிந்து கருவியைச் செய்துவிட முடியுமா? அதன் உருவம் எது? நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது? தலைப்பகுதி எவ்வாறு இருந்தது?

ஈண்டுதான் சங்கப் பாட்டு கைகொடுக்கிறது. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை கூறி வருணிக்கிறது. பத்தர் என்பது ஒலி பெருக்கும் வயிறு. அதனை மூடிய தோல் போர்வை. மேல்நோக்கி வளைந்து எழும் தண்டு மருப்பு. அம்மருப்பு தலை எடுத்த பாம்பு போன்றது என்கிறார் புலவர். அதில் வரிசையாகக் கட்டிய வார்க்கட்டுகளுக்குத் திவவு என்று பெயர்; அவை கரிய நிறத்தாள் முன்கையில் அணிந்த வளைகளை ஒத்திருந்தன. வளைகளை மேலும் கீழும் நகர்த்துவது போலத் திவவைத் தள்ளினால் நரம்பு இறுகும், அல்லது தளரும். சுருதி கூடும், குறையும். ஆகவே மிகப் பழைய யாழின் தலையில் முறுக்காணி தேவைப்படவில்லை. காலப்போக்கில் மாடகம் என்றும் ஆணி என்றும் பெயர்கள் வரத் தொடங்குகின்றன. கட்டு போய் முடுக்கும் ஆணி வந்ததை இப்பெயர் மாற்றமே காட்டுகிறது. மகர யாழ் மகர மீன் வடிவால் பெயர் பெற்றது; யாளி முகம் அமைத்ததாலேயே யாழ் எனும் சொல் பிறந்தது என்பாரும் உளர். பாம்பின் தலையாக உவமிக்கப்பட்ட பழைய மருப்பை நினைத்தால், யாளி பிற்கால ஒப்பனையே என்று நமக்குத் தோன்றுகிறது. இன்றைய தஞ்சை வீணையின் நுனியில் அந்த யாளி இன்றும் வாய் திறந்து நிற்கிறது.

கருவியின் தலை காலந்தோறும் மாறுவது எங்கும் உள்ள வழக்கே. மேலை நாட்டு மின்கிதாரில், 1950 அளவில் பெண்டர் நிறுவனத்தார் 6 முறுக்காணிகளையும் ஒரே பக்கம் வரிசைப்படுத்தினர். கிப்சன் நிறுவனத்தார் பக்கத்திற்கு மூன்றாக வைக்கும் பழைய முறையையே பெரும்பாலும் பேணினர். கிதார் பிரியர் தலையைப் பார்த்தே செய்தவரைச் சொல்லிவிடுவர். அவர்களுக்குப் பழைய கருவி கையில் உண்டு. அடிகளாருக்கு அதுவும் இல்லை. அமராவதிச் சிற்பங்களில் வளைந்த தண்டுடைய யாழைக் கண்டு பாட்டோடு ஒப்பிட்டார். அலைவெண் விகிதங்களைக் கணித்து, எந்த நரம்பு எந்தச் சுரத்துக்குரியது என வரையறுத்தார். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே, மெட்டுகள் இல்லை. சுரம் பெருகினால் நரம்பும் பெருக வேண்டும். மெட்டு வைத்த வீணையில் சில நரம்புகளிலேயே எல்லாச் சுரமும் எழும். யாழ் வழக்கொழிந்ததற்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

இவ்வாராய்ச்சி ஓரிடத்தில் அமர்ந்து செய்ததன்று. 1939 முதல் இமயத்து மாயாவதியில் ஆங்கில இதழை நடத்திய நாளிலும், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான பின்பும் கணக்கு தொடர்ந்தது. புதுக்கோட்டையில் வள்ளல் ஒருவர் மனையில் தங்கியும் எழுதினார். குடுமியாமலை இசைக் கல்வெட்டு அவ்வூருக்கு அண்மையில் உள்ளது. உடல் நலம் குன்றிக்கொண்டே வந்தது. நூல் முந்துமோ நோய் முந்துமோ என்று அன்பர்கள் அஞ்சும் நிலை.

நூல் முந்தியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையுடன் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. யாழுறுப்பியல் உள்ளிட்ட 7 இயல்கள் கொண்டது அது. அடிகளார் ஆராய்ந்து வடிவமைத்த யாழ்களும் அவையில் இடம்பெற்றன. நூற்றாண்டுகளாக ஏட்டில் மட்டுமே இருந்த கருவியை மக்கள் கண்ணாற் கண்டனர். ஆறு வாரங்கள் கழிந்து சூலை 19-ஆம் நாள் அடிகளார் கொழும்பில் மறைந்தார். உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய பள்ளி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அண்மை ஆண்டுகளில், கிதார் செய்யும் இளைஞர் ஒருவர் சென்னையில் யாழையும் செய்து மீட்டுக் காட்டியுள்ளார்.