அயர்ட்டன் சென்னா

தென்னமெரிக்கக் கண்டத்தின் பெருநாடு பிரேசில். அந்நாட்டின் மிகப் பெரிய நகரம் சான் பவுலோ. அந்நகரின் வடபாலமைந்த சந்தானா என்னும் பகுதியில் மில்ட்டன் ட சில்வா என்னும் செல்வர் வாழ்ந்து வந்தார். அவருக்குத் தொழிற்சாலையும் இருந்தது; கால்நடைப் பண்ணைகளும் இருந்தன. அவர்தம் மனைவியார் பெயர் நெய்டி சென்னா. இவ்விருவருக்கும் 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பிற்காலத்தில் உலகம் போற்றும் பந்தய வீரராக விளங்கிய அயர்ட்டன் சென்னா. அந்நாட்டு மக்கள் தாய்வழிப் பெயர், தந்தைவழிப் பெயர் ஆகிய இரண்டையும் தம் பெயரோடு சேர்த்து வழங்குவர். ட சில்வா என்னும் பெயர் பிரேசிலில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு உண்டு. ஆதலின், வீரர் பிற்காலத்தில் தாயின் குடிப்பெயரையே தமக்குரிய பெயராகக் கொண்டார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால், இப்பயிரின் முளையைக் கண்டவர் எவரும் இதன் விளைவை அறிந்திரார். மூன்று வயதாகியும் குழந்தைக்குக் கைகால்கள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கவில்லை. படிகளில் ஏறுவதற்கும் இடர்ப்பட்டது. மூளையில் ஏதேனும் குறை உண்டோ என்று பெற்றோர் கவலையுற்றனர். மருத்துவர்கள் மூளையின் மின்னியக்கத்தைப் பதிவு செய்து ஆராய்ந்து, குறையொன்றும் இல்லை எனத் தெளிவித்தனர். எனினும், தடுமாற்றம் உடனே நீங்கவில்லை.

அயர்ட்டனுக்கு நான்கு வயதாயிருந்தபோது தந்தையார் தம் கையாலேயே ஒரு சிறு வண்டி செய்து கொடுத்தார். புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றி அதில் பொருத்தினார். அதன் ஆற்றல் ஒரு குதிரைத் திறனே. அவ்வண்டியில் ஏறி அமர்ந்ததும் குழந்தையின் தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை. தரையில் கால் பின்னி விழுந்த பிள்ளை, வண்டியின் திருப்புச் சக்கரத்தைப் பற்றியவுடன் நிலைபெற்ற மனத்தோடு செலுத்தலாயிற்று. வீட்டில் அக்குழந்தையைப் பெக்கோ என்று செல்லமாக அழைத்தனர்.

இத்தகைய சிறு வண்டிகளுக்குக் கோ-கார்ட்டு என்று பெயர். அதன் அமைப்பை அறிந்தாலன்றி அதனைச் செலுத்துவோரின் திறமை விளங்காது. இரும்புக் குழாய்களால் ஆன ஒரு சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, இருக்கையின் அருகே ஓர் எஞ்சின், இவ்வளவே கோ-கார்ட்டு வண்டி. மேலே கூரையில்லை, அதிர்ச்சியைத் தாங்கும் வில்களும் இல்லை. ஓட்டுபவர் தரைக்கு மேல் சில அங்குல உயரத்தில் அமர்ந்திருப்பார். சாலையிலுள்ள சிறு கல்லும் அவர் முதுகெலும்பை அசைக்கும். சென்னா பழகிய காலத்துப் பந்தய வண்டிகளில் 100 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஞ்சின் இருந்தது. பல்சக்கரங்களை மாற்றும் பெட்டி கிடையாது.

இவற்றுள் நுட்பமானது பின்னச்சு. பெரிய மோட்டார் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு விரைவில் சுழல வல்லவை. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியான தொலைவைக் கடக்க வேண்டியிருப்பதால் இவ்வேற்றுமை தேவையாகின்றது. கோ-கார்ட்டு வண்டியிலோ இரு பின் சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டவை. இரண்டும் ஒரே அளவாகவே சுழலும். ஆகவே, வளைவில் உட்புறப் பின்சக்கரத்தைத் தரையினின்று சிறிதே தூக்கினாலன்றி வண்டி இனிது திரும்பாது. அவ்வாறு தூக்கும் கருவி எதுவும் வண்டியில் இல்லை. பிரேக்கை அழுத்தும் நேரத்தாலும், திருப்புச் சக்கரத்தைத் திருப்பும் அளவாலும், உடலின் எடையாலும் ஓட்டுபவரே அதனைச் செய்தல் வேண்டும். இஃது ஏட்டில் கற்கும் கல்வியன்று.

ஏழு வயதில் அயர்ட்டன் குடும்பப் பண்ணையில் ஜீப் வண்டி ஓட்டக் கற்றார். கிளட்சை மிதியாமலே, எஞ்சினின் ஒலியைக் கேட்டு அதற்கேற்ப கியரை மாற்றவும் பழகிக்கொண்டார். எந்திரத்தின் ஒலியை உற்றுக் கேட்டு அதன் நிலையை உணரும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

மிக இளம் பருவத்தில் அவர் கலந்துகொண்ட பந்தயம் ஒன்றில், யார் எவ்விடத்தில் நின்று புறப்படுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தனர். அயர்ட்டன் எடுத்த சீட்டில் முதலிடம் வந்தது! உடன் நின்றவர் யாவரும் அவரினும் மூத்தவர்கள். அவருடைய சிறிய உடல் எடை குறைந்ததாதலால் நேர்ச்சாலையில் அவர் வண்டி முந்தி ஓடியது. நெடுநேரம் முன்னணியில் சென்றார். ஆயினும் பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. மற்றொரு வண்டி மோதியதால் தடத்தை விட்டு விலக நேர்ந்தது.

முறைப்படி நடைபெறும் போட்டியில் கலந்துகொள்ளும் வயது வந்ததும், 1973ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், இன்டர்லாகோஸ் என்னுமிடத்திலுள்ள தடத்தில் அவர் இறங்கினார். இரு ஏரிகளின் இடையே அமைந்தமையால் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது. அன்று அயர்ட்டனுக்கு வயது பதின்மூன்று. அன்றைய வெற்றி அவருடையதாயிற்று.

மகனுடைய விருப்பத்திற்குத் தந்தையார் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், கட்டுப்பாடின்றி விடவுமில்லை. பள்ளிப் பாடங்களில் பின்தங்கினால் வண்டியைத் தொடலாகாது என்பது அவர் விதித்த விதி. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் எளிதில் கிடைத்தது என்று கூறுவோர் இந்த விதியையும் கருத வேண்டும்.

எஞ்சின்களைப் பழுது பார்த்துச் சீர்செய்வதில் வல்லவர் ஒருவரைத் தந்தையார் மகனுக்குத் துணையாக அமர்த்தினார். அவர் ஸ்பெயின் நாட்டினின்று வந்து குடியேறியவர். லூசியோ பஸ்குவால் காஸ்கோன் என்பது அவர் பெயர். சே என்றே எல்லாரும் அழைப்பர். அவருடைய பட்டறையே அயர்ட்டனுக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலந்தால் எஞ்சின் முழு ஆற்றலோடு இயங்கும், எந்த டயர் எத்தனை சுற்று உழைக்கும் என்பன போன்றவற்றை அவர் அங்கே கற்றார். ஓட்டத் தெரிந்தவர் பலர். ஓடும் பொருளின் உள்ளியல்பை அறிந்து ஓட்டுபவர் சிலர். அச்சிலருள் ஒருவராக அயர்ட்டனை ஆக்கியதில் சே என்பவருக்குப் பெரும் பங்குண்டு.

இனி, அவர் வாழ்வில் மழை பெற்ற இடத்தைக் கூற வேண்டும். இளமையில் ஒரு நாள் பந்தயத்தின்போது மழை பெய்தது. ஈரத் தடத்தில் டயர்கள் பிடிப்பிழந்து வழுக்கின. உலர்ந்த தடத்தில் எவரையும் வெல்லக்கூடிய அயர்ட்டன், அன்று தம்மினும் திறமை குறைந்தவர்களெல்லாம் தம்மைக் கடந்து செல்வதைக் கண்டார். அவமானம் அவரைச் சுட்டது. அன்று முதல், வானம் இருண்டு மழை தொடங்கினால் மற்றவர் வீடு நோக்கி ஓடுவர். அயர்ட்டனோ வண்டியோடு தடத்தை நோக்கி ஓடுவார். ஆடை முழுதும் நனைய, கைகள் விறைக்க, சுற்றுச் சுற்றாக ஓட்டிப் பழகினார். உலர்ந்த தடத்தில் எல்லாரும் செல்லும் வழி, தேய்ந்த டயர்களின் பசையால் மெருகேறி, நீர் பட்டால் வழுக்கும். அவ்வழியை விட்டு விலகிச் சென்றால் சொரசொரப்பான தரையில் பிடிப்புக் கிடைக்கும். இத்தகைய நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொள்வது வேறு. பலமுறை சுழன்று விழுந்து தெரிந்துகொள்வது வேறு. அயர்ட்டன் பெற்றது பின்னைய அறிவு.

1977ஆம் ஆண்டில் தென்னமெரிக்கக் கோ-கார்ட்டு வெற்றிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு, பதினெட்டு வயதில், கடல் கடந்து ஐரோப்பா சென்றார். இத்தாலி நாட்டு மிலான் நகரில் கோ-கார்ட்டு வண்டிகள் செய்துவந்த டேப் என்னும் குழுவினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். பேச்சும் உணவும் புதியன. வீட்டைப் பிரிந்த ஏக்கமோ பெரிது. அக்குழுவில் டெர்ரி புல்லர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் மூத்த வீரராக இருந்தார். அவர் 1973ஆம் ஆண்டிலேயே உலகப் பட்டம் வென்றவர். விரைவிலும் நிதானத்திலும் தம்மை விஞ்சிய அவரைக் கண்டு சென்னா வியந்தார், வெல்லவும் முயன்றார். பல்லாண்டுகளுக்குப் பின், உலகின் தலைசிறந்த வீரர்களையெல்லாம் எதிர்த்து வென்ற பிறகும், தாம் போட்டியிட்டு மிக மகிழ்ந்த எதிராளி புல்லர்ட்டனே என்று வெளிப்படையாகக் கூறினார். பணமும் அரசியலும் கலவாத தூய போட்டி அது என்பது அவர் கருத்து.

1978ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லெமான்சு நகரில் நடந்த உலகப் போட்டியில் சென்னா ஆறாம் இடம் பெற்றார். புதியவர் ஒருவருக்கு அது பெரும்பேறு. 1979இல் போர்ச்சுகல் நாட்டு எஷ்டோரிலில் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் சென்னா முதலில் வந்தார். பட்டம் தமதே என்று எண்ணிக் களித்தார். ஆனால், புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது பீட்டர் கூனே என்னும் டச்சு வீரரும் அவரும் சமமாக இருந்தனர். சமன் நேர்ந்தால் முற்சுற்றில் பெற்ற இடத்தை நோக்க வேண்டும் என்பது விதி. அதன்படி பட்டம் கூனேக்குச் சென்றது. கைக்கு எட்டிய கனி இவ்வாறு வாய்க்கு எட்டாமற்போயிற்று. 1980இல் பெல்ஜிய நாட்டு நிவெல்லில் மீண்டும் முயன்றார். மீண்டும் இரண்டாம் இடமே கிடைத்தது.

1981இல் அவர் இங்கிலாந்து சென்று, போர்முலா போர்டு என்னும் வகைக் கார்ப்பந்தயங்களில் ஓட்டி வெற்றி மேல் வெற்றி பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. குடும்பத் தொழிலைக் கவனிக்க மகன் வர வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். சென்னா பந்தயத்தைத் துறந்ததாக அறிவித்து ஊர் திரும்பினார். தந்தையின் கணக்கேடுகளுக்கு நடுவே சில திங்கள் கழிந்தன. கடமையும் வேட்கையும் அவர் உள்ளத்தில் பொருதன. மகனுடைய முகவாட்டத்தைக் கண்ட தந்தையார் இறுதியில் இசைந்தார். 1982இல் சென்னா மீண்டும் இங்கிலாந்து சென்றார்.

கார்ப்பந்தயத்தில் புகழ் வளர்ந்துகொண்டிருந்த அவ்விரண்டு ஆண்டுகளிலும் அவர் கோ-கார்ட்டு உலகப் போட்டியை விடவில்லை. 1981இல் இத்தாலி நாட்டுப் பார்மாவில் நான்காம் இடம் பெற்றார். 1982இல் சுவீடன் நாட்டுக் கால்மாரில் பதினான்காம் இடமே கிட்டியது. அப்பட்டம் அவர் வாழ்நாள் முழுதும் அவருக்குக் கிட்டவேயில்லை.

1984ஆம் ஆண்டில் பார்முலா ஒன்று என்னும் உயர்வகைப் பந்தயத்தில் சென்னா புகுந்தார். அவ்வாண்டு மொனாக்கோ நகரத் தெருக்களில் கொட்டும் மழையில் நடந்த பந்தயத்தில், பதின்மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாம் இடத்திற்கு வந்தார். முதலில் சென்ற ஆலன் புரோஸ்டை அவர் நெருங்குமுன் பந்தயம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் அவர் முதல் வெற்றி பெற்றார். வெற்றி பெற்ற ஊர், முன்பு பட்டத்தை இழந்த அதே எஷ்டோரில். அன்றும் மழை! 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். மொத்தம் 41 பந்தயங்களில் அவர் வெற்றி வாகை சூடினார்.

அவரிடம் குறையில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1990இல் ஜப்பானில் நடந்த பந்தயத்தில் புரோஸ்டின் வண்டிமீது தம் வண்டியை மோதவிட்டுப் பட்டத்தை உறுதி செய்துகொண்டார். மறு ஆண்டு அச்செயல் தாம் அறிந்தே செய்தது என்று ஒப்புக்கொண்டார். இருவர் உயிருக்கும் இடையூறு விளைக்கக்கூடிய அச்செயலை எவ்வாற்றானும் பாராட்ட இயலாது. ஆனால், அதே சென்னா 1992இல் பெல்ஜியத்தில், எரிக் கோமா என்னும் வீரர் விபத்துக்குள்ளாகி உணர்விழந்து கிடந்ததைக் கண்டு, தம் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டிகள் விரைந்துவரும் தடத்தில் ஓடிச் சென்று உதவினார். இரண்டு செயல்களும் ஒரே மனிதருடையவை.

புகழின் உச்சியிலிருந்தபோதும் கோ-கார்ட்டு வண்டியை அவர் மறந்தாரல்லர். சான் பவுலோ மாநிலத்து டாட்டுயி என்னுமிடத்திலுள்ள தம் பண்ணையில் அதற்கெனத் தனித் தடம் அமைத்தார். ஓய்வு நாட்களில் நண்பர்களோடும், தமக்கை விவியானின் மகன் புருனோவோடும் அங்கே ஓட்டி மகிழ்வார். 1993ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிசு நகரத்து உள்ளரங்கு ஒன்றில் நடந்த கோ-கார்ட்டு விழாவிலும் பழைய எதிராளி புரோஸ்டும் அவரும் ஓட்டினர்.

அடுத்த ஆண்டு இத்தாலி நாட்டு இமோலாத் தடத்தில் பந்தயம் ஏற்பாடாகியிருந்தது. ஏப்ரல் 30ஆம் நாள், தகுதிச் சுற்றில் ரோலண்டு ராட்சன்பெர்கர் என்னும் ஆஸ்திரிய நாட்டு இளைஞர் விபத்தில் உயிர் நீத்தார். சென்னா துயருற்றார். மறுநாள், மே முதல் நாள், முன்னணியில் சென்றுகொண்டிருந்த அவர் வண்டி, தாம்புரெல்லோ என்னும் வளைவில் நெறி விலகிச் சுவரில் மோதியது. போலோஞா நகர மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்து நான்கு. நொறுங்கிய வண்டியினுள் மடித்த ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. வெற்றி பெற்றபின், முந்திய நாள் மாண்ட இளைஞரின் நினைவாக அதனை ஏந்த அவர் எண்ணியிருந்தார். பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் காத்தது.

வறிய சிறுவர்களின் கல்விக்கு உதவ வேண்டும் என்று சென்னா தமக்கையாரோடு பேசியிருந்தார். அவ்விருப்பத்தின்படி விவியான் அதே ஆண்டு அவர் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கினார். மாமனோடு பண்ணைத் தடத்தில் ஓட்டிய புருனோவைக் குடும்பத்தார் அதன்பின் பல ஆண்டுகள் பந்தயத்திற்கு விடவில்லை. அவர் இளைஞரான பின்னரே மீண்டும் வண்டி ஏறினார். 2010இல் பார்முலா ஒன்றிலும் ஓட்டினார். அயர்ட்டன் பதின்மூன்று வயதில் முதல் வெற்றி பெற்ற இன்டர்லாகோஸ் கோ-கார்ட்டுத் தடம் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.